பொட்டு வைத்த கேமரா

எழுதுவது என் வேலை இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு என் பேனா ஓய்ந்துவிட்டது. என் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தவர் வங்கியில் இருந்த ஒரு பெண். அவரும் "ஆன்ட்டி, இன்னொரு தடவை போடுங்க" என்றுதான் சொன்னார். இப்படிப்பட்டவள் உங்களுக்கு எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பழி நம் குழுவின் கீர்த்தனா மேல்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வேலையை விடுகிறேன் என்று நான் சொன்ன அன்றே அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, புதுசா ஜாயின் பண்றவங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க லா."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"அதையே எழுதுங்க."

கீர்த்தனாவிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெட்டியை மரத்தில் எப்படிக் கட்டுவது, எந்த உயரத்தில் கட்டுவது, பேட்டரியை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு நம் குழுவை நடத்தும் சார் சொல்லித் தருவார். தேவைக்கு அதிகமாகவே சொல்லித் தருவார். அது என் கவலை இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நாம் பெட்டி என்று சொல்வது, காட்டுப் பிராணிகளைப் படம் பிடிக்கக் கட்டிவிட்டு வரும் கேமராவைத்தான். சூடுள்ள உடம்பு எதுவும் முன்னால் அசைந்தால் அது தானாகவே படம் எடுத்துக்கொள்ளும். மனிதர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. நிற்கவும் கூடாது. ஆனாலும் நீங்கள் எடுக்கப்போகும் முதல் நல்ல படம் உங்கள் சொந்த முழங்காலாகத்தான் இருக்கும். வெட்கப்படாதீர்கள். சார் படித்த படிப்புக்கு அவருடைய பின்பக்கம்தான் எங்கள் கணினியில் அதிகம் இருக்கிறது.

சாரை எனக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அப்போது நான் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நல்ல பூட்டு வேண்டும் என்று வந்தார். எந்தக் கதவுக்கு என்று கேட்டேன். "மரத்துக்கு" என்றார். எந்த மரம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் கடை மூடும் வரை நீண்டது. அடுத்த மாதம் நான் அவருடைய குழுவில் இருந்தேன். சார் தமிழ்நாட்டில் படித்து, இங்கே வேலைக்கு வந்தவர். கேட்டால் உண்மையைச் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். அந்தக் குணம்தான் இந்தக் கதையில் எங்களைக் கிட்டத்தட்ட மாட்டிவிட்டது.

நம் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே போகும் ஒரு சந்தில், ஒரு அக்கா பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். கீழே கடை. மேலே தேங்காயும் வெல்லமும் வாழைப்பழமும் அடுக்கியிருக்கும் கிடங்கு. அதற்கு மேல் பழைய மரக்கூரை. நான் அங்கேதான் சூடம் வாங்குவேன். ஒருநாள் சூடத்தைக் கையில் கொடுத்தவர், என் கையை விடவில்லை.

"நீ காட்டுல பிராணியெல்லாம் போட்டோ புடிக்கிறியாமே?"

"பெட்டிதான் பிடிக்குதுக்கா. நான் கட்டிட்டு வந்துடுவேன்."

"ஏதோ ஒண்ணு. என் கூரைல எலி இல்லன்னு ஒரு போட்டோ புடிச்சுக் குடு."

கூரையில் சத்தம் வருகிறது. எச்சம் கிடக்கிறது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் எலி என்று புகார் கொடுத்துவிட்டார். கட்டடத்துக்கு ஒரு மேனேஜர் உண்டு. அதே சந்தில் பல வருடம் பழகிய சீனர். அவர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள், உள்ளே விஷம் வைத்து, கூரை ஓட்டையைப் பலகை அடித்து மூடிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பலகை அடிப்பதில் அக்காவுக்கு வருத்தம் இல்லை. ஆனால் கடையின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. எலி உள்ள கடைக்கு மறுபடி வாடகை ஒப்பந்தம் கிடையாது என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்தக் கடையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வீட்டில்கூட கல்லாவில் உட்காருவது போலத்தான் உட்காருவார்.

"அது எலி இல்லம்மா. எனக்குத் தெரியாதா? எலி பழத்தைக் கடிச்சுக் கடிச்சுப் போடும். இது தோலை உரிச்ச மாதிரி வச்சுட்டுப் போகுது. மரியாதை தெரிஞ்சது."

மரியாதை தெரிந்த அந்தப் பிராணி எது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மலாய்க்காரர்கள் மூசாங் என்பார்கள். நம் ஊரில் மரநாய். பூனையைவிட நீளம், வால் தடிப்பு, பழம் என்றால் உயிர். பழைய கூரைகளில் குட்டி போடும். நகரத்துக்கு நடுவிலேயே நம்மோடு குடியிருக்கும் காட்டுப் பிராணி. எலிக்கு விஷம் வைக்கலாம். மூசாங்குக்கு அப்படி வைக்க முடியாது, சட்டம் வேறு.

சாரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். அக்கா மறுபடியும், எலி இல்லை என்று படம் வேண்டும் என்றார்.

"அக்கா, இல்லாததைப் படம் எடுக்க முடியாது. வந்ததை மட்டும்தான் பெட்டி காட்டும்" என்றார் சார்.

"வந்ததையே எடுங்க. எனக்கு எது வேணாலும் பரவால்ல, நாலு காலும் ஒரு நல்ல பேரும் இருந்தா சரி."

கிடங்கின் கூரையில் ஒரு சதுரப் பலகை உண்டு. அதைத் தள்ளி, ஏணியில் ஏறி, உள்ளே ஓர் உத்தரத்தில் பெட்டியைக் கட்டினேன். ஓட்டையைப் பார்த்தபடி. யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் பழம் வைக்கக்கூடாது, வாசனை எதுவும் போடக்கூடாது என்று சார் அக்காவிடம் விளக்கினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கீர்த்தனா கீழிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆக, நாங்கள் மூன்று தமிழர்கள், பூஜைச் சாமான் கடையில், நவராத்திரி வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். கடை முழுக்கச் சரஸ்வதி படம் தொங்குகிறது. வாசலில் பொரி மூட்டை. எங்கள் மூவரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. உங்களுக்கு இப்போது தோன்றியிருந்தால் நீங்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். இந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, படம் பதிவாகும் கார்டை எடுக்கப் போனோம். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தெரியுமே, கட்டுமான வேலைத் தம்பிகளின் கூட்டத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நடத்திக்கொண்டு போய்விடும். அக்கா வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைப் பார்த்ததும் நேராகக் கிடங்குக்கு நடந்தேன்.

ஏணியில் ஏறினேன். பலகையைத் தள்ளினேன். டார்ச் அடித்தேன்.

பெட்டி இருந்தது. பெட்டியைச் சுற்றி மல்லிகைச் சரம் இருந்தது. பெட்டியின் முகத்தில், சரியாக லென்ஸ் மேல், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"என்ன ஆன்ட்டி, இருக்கா?" என்று கீழிருந்து கீர்த்தனா கேட்டாள்.

"இருக்கு."

"ஓகேவா?"

"லட்சணமா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

இறக்கிக்கொண்டு வந்து காட்டினேன். கீர்த்தனா ஒரு விநாடி பார்த்தாள். பிறகு வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் சத்தம்கூட வரவில்லை. சார் பெட்டியைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், "நல்ல சந்தனம்" என்றார்.

"பின்ன? ஆயுத பூஜைக்கு மட்டமான சந்தனமா வைப்பாங்க?" என்றார் அக்கா. "கல்லாப் பொட்டி, தராசு, கத்தி, எல்லாத்துக்கும் வச்சேன். மேல ஒண்ணு எனக்காக வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு, அதை மட்டும் விடலாமா? சூடம் கொளுத்தல, கூரை மரமாச்சே. ஊதுபத்தியோட நிறுத்திக்கிட்டேன்."

"அக்கா, எங்க வச்சீங்க தெரியுமா?" என்றாள் கீர்த்தனா.

"நடுவுல வட்டமா கண்ணு மாதிரி இருந்துச்சே, அங்கதான். நெத்தி எதுன்னு தெரியல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுநாள் காலை ஆட்கள் விஷத்தோடும் பலகையோடும் வருவார்கள். நம்மிடம் இருப்பது கண் கட்டிய கேமரா. அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"தப்புப் பண்ணிட்டேனா?"

இங்கேதான் முதல் பாடம். நம் வேலையில் உதவி செய்ய வருபவர்கள்தான் அதிகம் கெடுப்பார்கள். அன்பால் கெடுத்தவரிடம் என்ன சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். சார் வாயைத் திறந்தார். இவர் இப்போது லென்ஸ், ஒளி என்று ஆரம்பித்து, அக்காவை அழ வைத்துவிடுவார் என்று எனக்குப் பயம். ஆனால் அவர், "நாங்க சொல்ல மறந்துட்டோம்க்கா. வாரத்தைப் பாத்திருக்கணும். வாங்க, என்ன விழுந்திருக்குன்னு பாப்போம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவரிடம் இத்தனை வருடம் இருந்தேன் என்று சொல்லலாம். அவரிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு சொற்பொழிவு வரும்.

கீழே கல்லா மேசையில் கணினியைத் திறந்தோம். முதலில் என் முழங்கால். அடுத்து வெறும் கூரை. இருட்டில் எடுப்பதால் எல்லாம் கறுப்பு வெள்ளை. பிறகு திடீரென்று அக்காவின் முகம், திரை முழுக்க, கண்ணை மூடி, கும்பிட்டபடி. அடுத்த படத்திலும் அக்கா. அதற்கடுத்ததில் ஒரு கட்டைவிரல் நேராக நம்மை நோக்கி வருகிறது.

"ஐயோ, நான் இவ்வளவு குண்டா?" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. படம் எடுத்திருக்கிறது, விடாமல் எடுத்திருக்கிறது. சூட்டை உணரும் கண் கீழே தனியாக இருக்கிறது, அதற்கு அக்கா பொட்டு வைக்கவில்லை. அதனால் உள்ளே எதுவோ வந்து போனது பெட்டிக்குத் தெரியும். ஆனால் பெட்டியின் விளக்கு சந்தனத்தில் பட்டு, நமக்குக் காட்டுவதெல்லாம் நீர் மோர் ஊற்றியது போல ஒரே வெள்ளை. கீர்த்தனா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். வெள்ளை. வெள்ளை. வெள்ளை.

அவள் கையை நிறுத்தினாள்.

"சார், ஒண்ணு சொல்லவா? நம்ம ஹார்ட் டிஸ்க்ல மூசாங் போட்டோ எவ்வளவோ இருக்கு. ஒண்ணு எடுத்து மேனேஜர்ட்ட காட்டிடலாம். பொய்யில்லயே. மேல இருக்கிறது மூசாங்தான்னு நமக்கே ஷுவரா தெரியும்லா."

சார் உடனே மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலே கூரையைப் பார்த்தார். அங்கே விஷம் வைக்கப் போகிறார்கள். ஒருவேளை குட்டிகள் இருக்கலாம். நேர்மையான மனிதருக்குக்கூட அப்படி ஒரு நிமிடம் வரும், அதை நான் அன்றுதான் பார்த்தேன். என்னிடம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

என்னை யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும். "அந்தப் படத்துலயெல்லாம் பின்னால மரம் இருக்குமே சார்" என்றேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

ஆனால் முடிவு சொன்னது நானும் இல்லை, சாரும் இல்லை. அக்காதான். பொரிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "வேணாம். வேற வீட்டு மூசாங்கைக் காட்டி எனக்குக் கடை வேணாம். போனா போகட்டும். பூஜை பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "மிச்சத்தையும் பாருங்க. சந்தனம் காஞ்சா உதிரும். எனக்குத் தெரியும், நெத்தில வச்சா மத்தியானமே உதிருது" என்றார்.

கீர்த்தனா மறுபடி தட்டினாள். வெள்ளை. வெள்ளை. பிறகு வெள்ளையில் ஒரு கோடு. கூரைச் சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அடுத்தடுத்த படங்களில் கோடு அகலமானது. ஒரு துண்டு உதிர்ந்தது. கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது போல, ஒரு சாய்ந்த சந்தில் உத்தரம் தெரிந்தது.

அந்தச் சந்தில் ஒரு வால்.

தடித்த, நீண்ட வால். படத்தில் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரம் வரை போகிறது. எலிக்கு அந்த வால் வேண்டுமென்றால் அது ஏழு பிறவி எடுக்க வேண்டும். அடுத்த படத்தில் புள்ளி போட்ட விலாப்புறம். கடைசிக்கு முந்தின படத்தில் அந்த விலாவுக்குக் கீழே, இரண்டு சிறிய கண்கள் ஒளிர்ந்தன.

"குட்டி!" என்று கீர்த்தனா கத்தியதில் வாசலில் மாலை வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே மேனேஜருக்குப் போன் செய்தார். அவர் எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், பல்குச்சியோடு வந்தார். அவர் பேசுவது ஆங்கிலமும் மலாயும் கலந்து இருக்கும். இடையிடையே சந்தில் கற்ற தமிழும் வரும். நான் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

படத்தைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன, பனியா?"

"சந்தனம்" என்றோம் எல்லோரும்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. அந்தச் சந்தில் இருப்பவருக்கு அது போதும். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எலி இருக்கா, இல்லையா?" என்றார்.

சார் நிமிர்ந்தார். "இது மூசாங், குட்டியோட இருக்கு. அது உறுதி. விஷம் வைக்கக்கூடாது, மூடவும் கூடாது. ஆனா எலி இருக்கா இல்லையான்னு இந்தப் படத்தை வச்சு சொல்ல முடியாது."

அக்கா சாரை ஒரு பார்வை பார்த்தார். தேங்காய் உடைக்கும் கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருந்தாலும் சார் சொன்னதில் தவறில்லை. அவரிடம் கேட்டார்கள், அவர் சொன்னார். வந்ததைச் சொல்லலாம். வராததைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது. இதை நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்து பேசினாலும், எதிரில் யார் கண் கலங்கினாலும், மறக்கக்கூடாது.

மேனேஜர் கொஞ்ச நேரம் பல்குச்சியை உருட்டினார். பிறகு சிரித்தார்.

"மூசாங் குடியிருக்கிற வீட்டுல எலி எப்படி இருக்கும்? பிடிச்சுத் தின்னுடும்லா. என் அம்மா வீட்டுக் கூரையிலயும் இருந்துச்சு. நான் ஓனர்ட்ட சொல்லிக்கிறேன், அக்கா கடைல எலி இல்லன்னு."

அக்காவின் தோள்கள் இறங்கின. எனக்கும் மூச்சு வந்தது. அப்போது பக்கத்தில் சார் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"அப்படிப் பொதுவாச் சொல்லிட முடியாதுங்க. மூசாங் அதிகமாப் பழம்தான்..."

நான் அவர் காலை மிதித்தேன்.

அவர் செருப்பு போட்டிருந்தார். நான் காட்டுக்குப் போடும் பூட்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள் நான். எப்படி அந்தக் கால் எழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

"பழம்தான்?" என்றார் மேனேஜர்.

"பழமும் தின்னும்" என்றார் சார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மேனேஜர் போனார். குட்டி வளர்ந்து வெளியே போகும்வரை கூரையைத் தொடுவதில்லை என்றும், அதற்கான ஆட்களைக் கேட்டுத்தான் பிறகு ஓட்டையை மூடுவது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா எங்களுக்குப் பொரியும் கடலையும் வெல்லமும் கட்டிக் கொடுத்தார். போகும்போது, சந்தனக் கிண்ணத்தோடு கணினியை நெருங்கினார். கீர்த்தனா அதை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

ரயில் நிலையம் வரை சார் நொண்டிக்கொண்டே நடந்தார். நான் தலை குனிந்து பின்னால் நடந்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்து, அதற்கும் வெட்கப்பட்டேன். படிக்கட்டில் நின்று அவரே திரும்பினார்.

"நீங்க மிதிச்சது சரியா தப்பான்னு யோசிச்சுக்கிட்டு வர்றேன்."

"நானும்தான் சார்."

"கேட்டதுக்கு நான் உண்மையைச் சொல்லிட்டேன். அப்புறம் அவர் சொன்னது அவர் நம்பிக்கை. அதைத் திருத்தணுமா, விடணுமா?"

"எனக்குத் தெரியல சார். காலுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் சிரித்தார். பிள்ளைகளே, உங்களுக்கும் இதற்கு என்னிடம் விடை கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன். குழுவில் உண்மையை நிறுத்தாமல் சொல்லும் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒருவரும் வேண்டும். நான் போகிறேன், பூட்ஸை யார் போடுவது என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் திங்கட்கிழமை அக்கா வழக்கம்போலக் கடையைத் திறந்தார். பலகையோடு வந்த ஆட்கள் பொரி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். நான் பெட்டியைத் துடைத்து, செங்காங் பக்கம் ஒரு ஓடைக்கரையில் கட்டினேன். சந்தன வாசனை போகவில்லை. அன்று அதில் என் முழங்காலைத் தவிர எதுவும் விழவில்லை.